ஒரே ஒரு தக்காளி

எங்க வீட்டு ஃப்ரிட்ஜில் தக்காளி கிடையாது. ஒண்ணு கூட கிடையாது. பார்சல் சாப்பாட்டோட வர்ற சாஸ் பாக்கெட் கூட வாசலோட திரும்பிப் போயிடும். இதுல என்னய்யா பெரிய விசேஷம்னு கேக்குறீங்களா? நான் பொறந்து வளர்ந்தது தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கத்துல ஒரு கிராமம். தக்காளிக்குப் பேர் போன ஏரியா. எங்கப்பா தக்காளி விவசாயி. என் இஞ்சினியரிங் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ், நாலு அரியருக்குக் கட்டின பரீட்சை ஃபீஸ் (ஹி ஹி) எல்லாமே தக்காளி காசு. அப்பேர்ப்பட்ட பரம்பரையில வந்தவன் வீட்டுல இன்னைக்கு தக்காளிக்கு தடா.

காரணம் தங்கமணி. அவங்களுக்கு தக்காளி அலர்ஜி.

சரி, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2017-ல மெக்கானிக்கல் முடிச்சு, எல்லாரையும் போல பெங்களூர் வந்து பொட்டி தட்ட ஆரம்பிச்சேன். எலக்ட்ரானிக் சிட்டி. அதே டீம்ல டெஸ்டிங்ல இருந்தாங்க இவங்க. சொந்த ஊர் திருநெல்வேலி. நான் எழுதுற கோடுல ஓட்டை கண்டுபிடிக்கிறதுதான் வேலை. (இப்பவும் அதே வேலைதான், கோடுக்கு பதிலா நான்.) மதியம் எல்லாரும் டப்பாவைத் திறந்து பங்கு போட்டு சாப்பிடுவோம். இவங்க மட்டும் யார் டப்பாவுலயும் கை வைக்க மாட்டாங்க. "ஓவர் சீன்"னு நாங்க ஆம்பளைப் பசங்க பேசிக்குவோம்.

அப்புறம் கொஞ்சம் பழக்கமாகி, ஒரு சாயங்காலம் ரோட்டோரக் கடையில பாவ் பாஜி வாங்கிக் கொடுத்தேன். பாவ் பாஜியில உருளைக்கிழங்குக்கு சமமா தக்காளி இருக்கும்னு எனக்கு அன்னைக்குத் தெரியாது. தட்டை வாங்கி மோந்து பாத்துட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தாங்க. "தக்காளி சாப்ட்டா வாய் அரிக்கி, தொண்டைய அடைக்கி"ன்னாங்க. பன்னெண்டாவது படிக்கும்போது ஹாஸ்டல்ல தக்காளிச் சட்னி சாப்பிட்டு மூச்சு திணறி ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டுப் போனாங்களாம். அதுக்கு முன்னாடி உதடு லேசா தடிக்கும், அவ்வளவுதான். அன்னைக்குத்தான் முழுசா காட்டியிருக்கு.

நான் சிரிச்சேன். சத்தியமா சிரிச்சேன். "எங்கப்பா என்ன பண்றார் தெரியுமா?"ன்னு கேட்டு விஷயத்தைச் சொன்னதும் அவங்களும் சிரிச்சாங்க. விதி எங்க வேலை பாக்குது பாருங்க.

ரெண்டு வீட்லயும் பேசி, கெஞ்சி, அழுது, 2022 நவம்பர்ல திருநெல்வேலியில கல்யாணம். எங்கம்மாவுக்கு அரை மனசுதான். ஜாதகம் ஒரு பக்கம், தூரம் ஒரு பக்கம். மறுநாள் மறுவீட்டுச் சாப்பாடு. அங்கெல்லாம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு சொதிதான் போடுவாங்க. பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், உருளைக்கிழங்கு. எறக்கி வெச்ச பிறகு எலுமிச்சம்பழம் பிழிவாங்க. தொட்டுக்க இஞ்சித் துவையல். எங்க சனம் ரெண்டு பஸ்ல போயிருந்தது, மூணு மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க. அந்த இலையில ஒரு பொட்டு தக்காளி கிடையாது. அதை அன்னைக்கு ஒருத்தரும் கவனிக்கல, நான் உட்பட.

இப்போ நான் பண்ணின தப்புக்கு வர்றேன்.

கல்யாணத்துக்கு முன்னாடியே அம்மாகிட்ட விஷயத்தைச் சொல்லணும். எப்படிச் சொல்றது? ஏற்கெனவே அரை மனசு. இதுல போய் "நம்ம காட்டுல வெளையிறதைத் தின்னா அவளுக்கு உயிருக்கே ஆபத்து"ன்னு சொன்னா? சகுனம் அது இதுன்னு கெளம்பிடும். அதனால ரொம்ப புத்திசாலித்தனமா, பக்குவமா சொன்னேன்: "அம்மா, அவளுக்கு தக்காளி அவ்வளவா ஒத்துக்காது."

இந்த "ஒத்துக்காது"ங்குற வார்த்தையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எங்கப்பாவுக்கு முட்டைகோஸ் ஒத்துக்காது, வாயு. எனக்கு கத்தரிக்காய் ஒத்துக்காது, அரிப்பு. பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஏசி ஒத்துக்காது. ஊர்ல ஒத்துக்காத விஷயம் ஒவ்வொருத்தருக்கும் நாலு இருக்கும், எல்லாரும் பண்டிகை அன்னைக்கு அதையே ரெண்டு கரண்டி சாப்பிட்டுட்டு ஏப்பம் விட்டுட்டுப் போவாங்க. "அலர்ஜி"யும் அப்படித்தான். எனக்கு கணக்கு அலர்ஜி, அவனுக்கு குளியல் அலர்ஜின்னு சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையில பல்லே இல்லாமப் போச்சு. எங்கம்மா காதுல என்ன விழுந்திருக்கும்? மருமகளுக்கு தக்காளி பிடிக்காது, செல்லமா வளர்ந்த பொண்ணு, போகப் போக சரியாயிடும். அதான் விழுந்திருக்கும்.

2023 பொங்கல், எங்களுக்கு தலைப்பொங்கல். ஓசூர், ராயக்கோட்டை வழியா ஊருக்குப் போனோம். முதல் ரெண்டு நாள் பிரச்சினை இல்ல. சர்க்கரைப் பொங்கல், பரங்கிக்காய், மொச்சைக்கொட்டை. மூணாம் நாள் நாட்டுக்கோழிக் குழம்பு. அம்மா ராகிக்களி கிண்டி, எல்லாருக்கும் முன்னாடி மருமகளுக்குத்தான் முதல்ல போட்டாங்க. "உனக்குன்னே தக்காளி போடாம வெச்சேன், சாப்பிடு கண்ணு."

நாலு வாய் சாப்பிட்டிருப்பாங்க. சாப்பிடுறதை நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க. "ஏங்க..."ன்னாங்க. (தனியா இருந்தா "நீ, வா, போ"தான். மாமியார் முன்னாடி மட்டும் "ஏங்க".) அந்த "ஏங்க" ஒரு மாதிரி கரகரன்னு வந்தது. உதடு கண்ணு முன்னாடியே தடிச்சது. கழுத்துல சிவப்பா திட்டு திட்டா. அப்புறம் இருமல், வாந்தி. நான் என்ன பண்ணேன் தெரியுமா? பையில இருந்த செட்ரிசின் மாத்திரையைக் கொடுத்து, "கொஞ்ச நேரத்துல சரியாயிடும்"னு விசிறிக்கிட்டு நின்னேன். இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தை நினைச்சா இப்பவும் ராத்திரி தூக்கம் போயிடும்.

அப்பாதான் கத்தினார். வாழ்க்கையில அவர் என்கிட்ட கத்தினது ரெண்டே தடவை, இது ரெண்டாவது. "என்னடா வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கற, வண்டிய எடு!"

டவுன் ஆஸ்பத்திரி 14 கிலோமீட்டர். போற வழியில மாட்டு வண்டி, டிராக்டர், பலூன் கட்டின பைக், மைக்செட் போட்ட ஊர்வலம், எல்லாம். பின் சீட்ல அவங்க இழுத்து இழுத்து மூச்சு விடுற சத்தம் விசில் மாதிரி கேக்குது. போன உடனே டூட்டி டாக்டர் ஒரு கேள்விதான் கேட்டார், "என்ன சாப்பிட்டாங்க?" அடுத்த நிமிஷம் தொடையில ஊசி. அட்ரினலின். அரை மில்லி. அஞ்சு பத்து நிமிஷத்துல அந்த விசில் சத்தம் குறைஞ்சது. எனக்கு முழங்கால் ரெண்டும் தந்தி அடிச்சது அப்போதான்.

செட்ரிசின் கொடுத்தேன்னு பெருமையா சொன்னேன். டாக்டர் நிமிர்ந்து பாத்தார். அந்த மாத்திரை அரிப்புக்கும் தடிப்புக்கும்தான் கேக்கும், தொண்டை அடைக்கிறதையும் பிரஷர் இறங்குறதையும் அது நிறுத்தாது, அதுக்கு அட்ரினலின் ஒண்ணுதான், லேட் பண்ணப் பண்ண ஆபத்துன்னார். சரியான மாதிரி தெரிஞ்சாலும் சில மணி நேரம் கழிச்சு ரெண்டாவது அலை ஒண்ணு வரலாம்னு சொல்லி ராத்திரி முழுக்க அங்கேயே வெச்சுக்கிட்டார்.

ராத்திரி பத்து மணிக்கு வெளி பெஞ்சுல அம்மா எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. முந்தானையைச் சுருட்டிக்கிட்டே இருந்தாங்க. நானும் எதுவும் கேக்கல. அப்புறம் அவங்களே சொன்னாங்க. "ஒரே ஒரு தக்காளிடா. குழம்பு கூட்டா வரல, தண்ணியா நின்னுச்சு. அரைச்சு விட்டா தெரியாதுன்னு நெனைச்சேன். பெரியம்மா வேற கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா பழகிடும்னா..."

எனக்கு கோபம் வந்தது. நல்லா கத்தியிருப்பேன். ஆனா அதுக்குள்ள அம்மா கேட்டாங்க: "ஒத்துக்காதுன்னுதானேடா சொன்ன? உசுருக்கு ஆபத்துன்னு ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

பதில் இல்லை.

நிற்க. இதுக்கு மேல அழுவாச்சி வேணாம், சமையலுக்குப் போவோம்.

பெங்களூர் திரும்பி ஒரு அலர்ஜி டாக்டரைப் பாத்தோம். தோல்ல சொட்டு விட்டு ஊசியால லேசா குத்திப் பாக்குற டெஸ்ட், ரத்தத்துல ஐஜிஈ டெஸ்ட். எனக்கு ஒரு சந்தேகம்: சிலருக்கு பச்சைத் தக்காளிதான் அரிக்கும், வேக வெச்சா ஒண்ணும் ஆகாதுங்கறாங்களே, இவங்களுக்கு மட்டும் ஏன் குழம்புல கொதிச்சதும் ஆகல? அவர் சொன்னது: தக்காளியில பல புரதம் இருக்கு. சிலது சூட்டுல உருக்குலைஞ்சிடும், அது மட்டும் ஆகாதவங்களுக்கு வெந்த தக்காளி பரவாயில்லை. லிப்பிட் டிரான்ஸ்ஃபர் புரோட்டீன்னு ஒண்ணு இருக்கு, அது சூட்டுக்கும் அசையாது, வயித்து அமிலத்துக்கும் அசையாது. இவங்களுக்கு அந்த வகை. கத்தரிக்காய், மிளகாய், உருளை எல்லாம் தக்காளிக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்தான், ஆனா இதுவரைக்கும் சாப்பிட்டு ஒண்ணும் ஆகலைன்னா சும்மா பயந்து நிறுத்த வேணாம்னார். மணத்தக்காளி வத்தக்குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவங்கதான் இவங்க. பேர்ல தக்காளி இருக்கேன்னு நான்தான் பயந்துட்டு இருந்தேன்.

பெரியம்மாவோட "பழகிடும்" தியரியையும் கேட்டேன். வேர்க்கடலை மாதிரி சில சாப்பாட்டுக்கு, டாக்டர் கண்ணு முன்னாடி, மில்லிகிராம் கணக்குல கொடுத்துப் பழக்குற சிகிச்சை நிஜமாவே இருக்காம். கோழிக்குழம்புல ரகசியமா கலக்குறது அந்தச் சிகிச்சையில சேராது. அட்ரினலின் ஆம்பூலும் சிரிஞ்சும் எழுதிக் கொடுத்து, போட எனக்குக் கத்துக் கொடுத்து அனுப்பினார். அது இப்போ எங்க போனாலும் கூட வரும்.

அப்புறம் ஆரம்பிச்சது தக்காளி இல்லாத சமையல். நான் கரண்டி பிடிச்சது அப்போதான். குற்ற உணர்ச்சின்னு வெச்சுக்கோங்களேன்.

தக்காளியை எடுத்துட்டு அந்த எடத்துல எதைப் போடறதுன்னு யோசிச்சா வேலைக்கு ஆகாது. தக்காளிங்குறது மோசமா எழுதின ஃபங்ஷன் மாதிரி, ஒண்ணே நாலு வேலை பாக்குது. புளிப்பு கொடுக்குது, குழம்புக்கு உடம்பு கொடுக்குது, கலர் கொடுக்குது, அதுக்கு மேல நாக்குல ஒட்டிக்கிற ஒரு ருசி கொடுக்குது (குளூட்டமேட் சமாச்சாரம்). அதைத் தூக்கினா நாலும் ஒரே நேரத்துல உடையும். நாலையும் தனித்தனியாத்தான் சரி பண்ணணும். முதல் மாசம் எனக்கு இது புரியல. பனீர் பட்டர் மசாலால தக்காளிக்குப் பதிலா புளியை ஊத்தினேன், பனீர் போட்ட புளிக்குழம்பு வந்தது. பீட்ரூட்டை அரைச்சு "தக்காளித் தொக்கு" பண்ணேன். பாக்க அச்சு அசல் தொக்கு. வாயில வெச்சா கிஸ்ஸான் ஜாம் மாதிரி ஒரு இனிப்பு. தங்கமணி ஒரு வாய் சாப்பிட்டு டெஸ்டிங் டீம் குரல்லயே சொன்னாங்க: "ரிஜக்டட்."

புளிப்புலயே எத்தனை சங்கதி இருக்கு தெரியுமா! புளி போட்டா பச்சை வாசனை போகக் கொதிக்கணும். எலுமிச்சையைக் கொதிக்க விட்டா கசக்கும், அடுப்பை அணைச்ச பிறகுதான். தயிரை அப்படியே ஊத்தினா திரிஞ்சு திரிஞ்சு நிக்கும், நல்லா அடிச்சு, தீயைக் குறைச்சு, கொஞ்சம் கொஞ்சமா. மாங்காய் கிடைக்கிற சீசன்ல பருப்புக்கு மாங்காய், மீனுக்கு குடம்புளி, துவட்டலா வேணும்னா மாங்காய்ப் பொடி. பிரியாணிக்கு தயிரும் எலுமிச்சையும் போதும். உடம்புக்கு சின்ன வெங்காயம். அதை அரைக் கிலோ கோழிக்கு கால் கிலோ போட்டு, பொறுமையா, நல்லா நிறம் மாறுற வரைக்கும் வதக்கி அரைச்சா குழம்பு தானா கூட்டா வரும். கலருக்கு காஷ்மீரி மிளகாய். அந்த நாக்குல ஒட்டுற ருசிக்கு என்ன பண்றதுன்னு ரொம்ப நாள் மண்டை காய்ஞ்சேன். கடைசியில அதுவும் அந்த வெங்காயத்துல, அந்த வதக்கலோட அடியில ஒட்டுற பழுப்புல கொஞ்சம் கிடைக்குது. முழுசா கிடைக்காது. கிடைக்காதுன்னு ஒத்துக்கிட்டா நிம்மதி.

வெளிய சாப்பிடுறதுதான் பெரும்பாடு. பெங்களூர் ஹோட்டல்ல "டொமேட்டோ பேடா"ன்னு எனக்குத் தெரிஞ்ச அரைகுறை கன்னடத்துல சொன்னா தலையாட்டிட்டுப் போவாங்க. ஒரு சர்வர் நம்ம ஊர்க்காரர், ரொம்ப அக்கறையா சொன்னார்: "தக்காளியே இல்ல சார், ப்யூரிதான் ஊத்துவோம்." அவ்வ்வ்வ்...

பாக்கெட் சமாச்சாரம் வேற. நம்ம நாட்டு 2020 லேபிள் விதியில, அலர்ஜிப் பொருள்னு தனியா காட்டியே ஆகணும்னு ஒரு பட்டியல் இருக்கு. குளூட்டன் உள்ள தானியம், நண்டு இறால் வகை, முட்டை, மீன், பால், வேர்க்கடலை மற்றும் கொட்டைகள், சோயா, சல்ஃபைட். தக்காளி அதுல கிடையாது. அமெரிக்காவோட 9-லயும் இல்ல, ஐரோப்பாவோட 14-லயும் இல்ல. அதனால தடிச்ச எழுத்துல எச்சரிக்கை எதுவும் இருக்காது, மொத்த லிஸ்டையும் படிக்கணும். நூடுல்ஸ் மசாலா, சிப்ஸ் மேல தூவுற பொடின்னு எதுல வேணாலும் தக்காளிப் பொடி ஒளிஞ்சிருக்கும். 160டின்னு ஒரு நிறமி நம்பர் இருக்கும், லைகோபீன். அது செயற்கையாவும் வரும், தக்காளியில இருந்தும் வரும். எதுலேர்ந்துன்னு கேட்டு யார்கிட்ட போறது? எடுத்த எடத்துலயே வெச்சுட்டு வந்துடுவோம். சூப்பர் மார்க்கெட்ல நான் பாக்கெட்டைக் கண்ணுக்கிட்ட வெச்சுப் படிக்கிறதைப் பாத்து கிட்டப்பார்வைன்னு நினைச்சுக்குவாங்க.

அம்மா கதைக்கு வர்றேன். பொங்கலுக்கு அப்புறம் ரெண்டு மாசம் அம்மா தங்கமணிகிட்ட போன்ல சரியா பேசல. கோபமில்ல, வெக்கம். "சாப்பிட்டியா கண்ணு"ன்னு கேக்குறதுக்கே பயம், சாப்பாட்டுப் பேச்சு வந்துடுமேன்னு. அந்த மௌனத்தை உடைச்சது எங்க ஆயா. அப்பாவோட அம்மா, வயசு எண்பதுக்கு மேல, காது மந்தம், வாய் மட்டும் மந்தமில்ல. அம்மா ஒரு நாள், தக்காளி இல்லாம எதைத்தான் ஆக்குறதுன்னு பொலம்பியிருக்காங்க. ஆயா சொல்லிச்சாம்: "நான் இந்த ஊட்டுக்கு வந்தப்ப சீமைத்தக்காளியை யாரு கண்டா? உன் புருசன் நட்டதுக்கு அப்புறம்தான் இந்த ஊட்டு குழம்பே சிவப்பாச்சு. அதுக்கு முன்னாடி நாங்க மண்ணையா தின்னோம்?"

தென் அமெரிக்காவுல இருந்து கப்பலேறி வந்த சரக்குதான் தக்காளி. அதை நான் விக்கிபீடியாவுல படிச்சிருக்கேன், ஆனா எங்க வீட்டுக்குள்ளயே அதுக்கு முன்னாடி ஒரு சமையல் இருந்ததுன்னு எனக்கு உறைக்கவே இல்ல. ஆயா திண்ணையில உக்காந்து சொல்லச் சொல்ல அம்மா ஆக்கினாங்க. களிக்கு புளிச்சக்கீரைக் கடைசல். கொள்ளு ரசம். பச்சை அவரைக்கொட்டை போட்ட புளிக்குழம்பு. வரமிளகாய், புளி, சின்ன வெங்காயம் வெச்சு அம்மியில அரைச்ச சட்னி. எல்லாத்தையும் போன்ல தங்கமணிக்கு ஒவ்வொண்ணா சொன்னாங்க. தங்கமணி பதிலுக்கு சொதி சொல்லிக் கொடுத்தாங்க. முக்கால் மணி நேரம் ரெண்டு பேரும் தேங்காய்ப்பால் மூணு தடவை எடுக்கிறதைப் பத்தி பேசினதை நான் சத்தமில்லாம கேட்டுக்கிட்டு இருந்தேன். ஆபீஸ் கால் ஒண்ணு மிஸ் ஆச்சு. போனா போகட்டும்.

அப்பா வேற மாதிரி. அவர் ஒண்ணும் பேச மாட்டார். தக்காளிச் செடியில வேலை செஞ்சிருக்கீங்களா? கையெல்லாம் பச்சைக் கறுப்பா ஒரு பிசின் ஒட்டும். சோப்பு போட்டா மஞ்சளா நுரை வரும், மூணு நாலு தடவை கழுவினாத்தான் போகும். நாங்க ஊருக்கு வர்ற அன்னைக்கு அப்பா காட்டுல இருந்து வந்து தொட்டியோரம் ரொம்ப நேரம் கை கழுவிட்டு இருப்பார். நகத்தையெல்லாம் தேங்காய் நார் வெச்சுத் தேய்ப்பார். அப்புறம்தான் "வா பாப்பா"ன்னு பக்கத்துல வருவார்.

2023 ஜூலை ஞாபகம் இருக்கா? தக்காளி கிலோ நூறைத் தாண்டிப் போய், சென்னையில ரேஷன் கடையில 60 ரூபாய்க்கு வித்தாங்களே, அந்த ஜூலை. நாடே தக்காளிக்கு அழுதப்போ எங்க கிச்சன்ல ஒரு சலனமும் இல்ல. "நாம முன்னாடியே மைக்ரேட் ஆயிட்டோம்"னு தங்கமணி ஸ்டேட்டஸ் போட்டாங்க. ஆனா ஊர்ல அப்பாவுக்கு அந்த வருஷம் நல்ல காய்ப்பு. கிலோ 2 ரூபாய்க்குக் கேட்டு, பறிக்கிற கூலிக்கே கட்டாம ஏரிக்கரையில கொட்டின வருஷங்களையெல்லாம் பாத்த மனுஷன். கையில காசு வந்ததும் என்ன வாங்குவார்? மோட்டார் மாத்துவார்னு நினைச்சேன்.

அடுத்த தடவை ஊருக்குப் போனா சமையல்கட்டுல தனியா ஒரு அலமாரி. புது மிக்ஸி, ரெண்டு ஜார், ஒரு வடச்சட்டி, கத்தி, அருவாமனை, நாலு கரண்டி. மிக்ஸி மேல மண்டிக்குக் கூடைக்கு பேர் எழுதுற அதே பெயிண்ட்ல, அதே கோணல் எழுத்துல அப்பா எழுதியிருந்தார்: "இதில் தக்காளி போடக்கூடாது." தக்காளி வித்த காசுல வாங்கின மிக்ஸி. தங்கமணி அதைப் பாத்துட்டு கொல்லைப் பக்கம் போயிட்டு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் வந்தாங்க. அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார்.

அதுக்கடுத்த பொங்கலுக்கு அம்மா மறுபடியும் நாட்டுக்கோழி ஆக்கினாங்க. சின்ன வெங்காயம், கொத்தமல்லி, மிளகு, கசகசா, வறுத்த தேங்காய். எறக்கி வெச்சு கடைசியில அரை மூடி எலுமிச்சம்பழம். குழம்பு நல்லா கூட்டா, கரண்டியில ஒட்டி நின்னது. அம்மா தட்டுல போட்டுட்டு பேசாம நின்னாங்க. தங்கமணி சாப்பிட ஆரம்பிச்சாங்க. அந்த முதல் நாலு வாய்க்கு வீட்டுல ஒருத்தரும் மூச்சு விடல. அஞ்சாவது வாயில "அத்தை, இன்னும் கொஞ்சம் குழம்பு"ன்னாங்க.

போன தை மாசம் தர்மபுரியில சொந்தக்காரங்க கல்யாணம். பந்தியில உக்காரப் போறோம், அம்மாவைக் காணோம். தேடிப் போனா மண்டபத்துக்குப் பின்னாடி அடுப்படியில, இடுப்புல கை வெச்சுக்கிட்டு சமையல் மாஸ்டர் முன்னாடி நிக்கிறாங்க. எந்தெந்த அண்டாவுல தக்காளி விழுந்திருக்குன்னு விசாரணை. மாஸ்டர் பாவம், வேர்த்து விறுவிறுத்து, "குருமாவுல ரொம்ப கொஞ்சம்தான்மா போட்டிருக்கு, ஒண்ணும் பண்ணாது"ன்னார்.

"கொஞ்சம்னா எத்தனை?"

"இவ்ளோ பெரிய அண்டாவுக்கு ஒரு ரெண்டு கிலோ இருக்கும்மா."

"ஒண்ணே ஒண்ணு போட்டாலே என் மருமக உசுருக்கு ஆபத்துங்க"ன்னு சொல்லிட்டு, சாம்பாருக்கும் ரசத்துக்கும் போட்ட கரண்டி எதுன்னு கேட்டுட்டு, வேகமா பந்திக்கு வந்தாங்க. தங்கமணி இலையில பரிமாற வந்த பையனை "தம்பி, இந்த இலைக்கு எதுவும் வேணாம்"னு கையை நீட்டித் தடுத்தாங்க. கட்டைப் பையில இருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தாங்க. எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு பொரியல், ஒரு குட்டி டப்பாவுல இஞ்சித் துவையல்.

பக்கத்து இலையில பெரியம்மா. "ஏன்டி, கல்யாணத்துக்கு வந்து டப்பா சோறா?"ன்னு ஆரம்பிச்சாங்க.

"நீ உன் இலையப் பாத்து சாப்பிடு"ன்னாங்க அம்மா.